முர்ரா எருமைக்கு ஐ.வி.எஃப்.: ஒரு தடவைக்கு எத்தனை முட்டை, எத்தனை சினை?

#1 | பாலக்கோடு கறவை

வணக்கம். கையில் முர்ரா ஒன்று, மூன்றாம் ஈத்து, உச்சத்தில் நாளுக்கு 15 லிட்டர். மற்ற ஆறும் நாட்டு எருமையும் முர்ரா கலப்பும். முர்ராவின் வழியில் கிடாரிகள் எடுக்க ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, வேறு எருமையில் வைப்பது) செய்யலாம் என்று ஒரு முகவர் வந்து பேசிவிட்டுப் போனார். ஒரு தடவைக்கு 20 முட்டை, அதில் 8 சினை உறுதி, ஆறு எருமைக்கும் ஒரே நாளில் ஊசி போட்டால் போதும் என்கிறார். இதில் எவ்வளவு நிஜம்? நம்ம பக்க வெயிலுக்கு ஒத்துவருமா? தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

#2 | சினைப்பை ஸ்கேன்

முதலில் ஆறு எருமையில் எட்டு சினை எப்படி என்று அவரையே கேளுங்கள்.

20 முட்டை என்பது கிர், சாகிவால் மாதிரி நாட்டுப் பசுக்களில் நல்ல டோனர் (முட்டை கொடுக்கிற மாடு) தருகிற எண்ணிக்கை. எருமைக்கு அது பொருந்தாது. பிறக்கும்போதே பசுவின் சினைப்பையில் ஒரு லட்சத்துக்கு மேல் இளம் முட்டைகள் இருக்கும். எருமையில் சுமார் 10,000 முதல் 20,000தான். அதிலும் வளரத் தொடங்கிப் பாதியிலேயே அழிந்துபோகிற பாலிக்கிள்களின் (முட்டை இருக்கிற நீர்ப்பைகள்) பங்கு அதிகம். ஸ்கேன் திரையில் பசுவுக்கு இரண்டு சினைப்பையிலும் சேர்த்து பாலிக்கிள்கள் இருபது முப்பது கருப்பு வட்டமாகத் தெரிகிற இடத்தில், எருமைக்குப் பத்து தெரிந்தால் நல்ல எருமை.

சுமாரான முர்ராவுக்குக் கணக்கு இப்படி ஓடும். உறிஞ்சத் தகுந்த பாலிக்கிள் 10. கைக்கு வரும் முட்டை 6. அதில் வளர்க்கத் தகுந்தது 4. பிளந்து வளரத் தொடங்குவது 2 அல்லது 3. ஆறாம் நாள் கருவாக நிற்பது 1. அந்த ஒன்றை வாடகைத்தாய்க்குள் வைத்தால் சினை நிற்க வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஆக ஒரு சினைக்கு மூன்று தடவை முட்டை எடுக்க வேண்டியிருக்கும். 15 நாளுக்கு ஒரு தடவை எடுத்தால் ஆறு மாதத்தில் 12 தடவை, நாலு சினை. சாதாரணமாக 13 முதல் 15 மாதத்துக்கு ஒரு கன்று போடுகிற எருமையிடமிருந்து அரை வருடத்தில் நாலு சினை பெரிய லாபம்தான். ஆனால் எட்டு உறுதி என்பவர் பசுக் கணக்கை எருமைக்கு ஒட்டிப் பேசுகிறார்.

பழைய முறையும் உண்டு. டோனருக்கு ஹார்மோன் கொடுத்து நிறைய முட்டை விடவைத்து, சினை ஊசி போட்டு, கருப்பையைக் கழுவிக் கருவை எடுப்பது. எருமையில் ஒரு கழுவலுக்கு வைக்கத் தகுந்த கரு ஒன்று, இரண்டைத் தாண்டுவது அரிது. பாலிக்கிள் வீங்கும், முட்டை வெடித்து வராது. வந்தாலும் கருக்குழாய்க்குள் போய்ச் சேராது. அதனால்தான் எருமைக்கு ஐ.வி.எஃப். பக்கம் போனார்கள். கர்னால் தேசிய பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் 1990இல் பிறந்த ‘பிரதம்’தான் உலகின் முதல் சோதனைக்குழாய் எருமைக் கன்று. கண்டுபிடித்து முப்பது வருடம் தாண்டியும் கொட்டகைக்கு வர இவ்வளவு தாமதம் ஆனதற்கு இந்த முட்டைப் பற்றாக்குறையே பெரிய காரணம்.

#3 | மத்தூர் பண்ணை

சினைப்பை ஸ்கேன் சொன்னது சராசரி. ஆனால் சராசரியைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். எருமைக்கு எருமை வித்தியாசம் மிக அதிகம். ஒன்றுக்கு 5 பாலிக்கிள், பக்கத்துக் கட்டுத்தறியில் நிற்பதற்கு 18. இன்னொன்று, இன்றைக்கு 18 காட்டுகிற எருமை அடுத்த மாதமும் ஏறக்குறைய அதே அளவில்தான் காட்டும். அதனால் பணம் கட்டும் முன் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை ஸ்கேன் பண்ணி எண்ணுங்கள். இரண்டிலும் 8க்குக் கீழே என்றால் பால் 15 லிட்டராக இருந்தாலும் டோனராகக் கொண்டுபோகாதீர்கள். அந்த எருமைக்கு நல்ல சினை ஊசியே போதும்.

#4 | பாலக்கோடு கறவை

நன்றி டாக்டர். இவ்வளவு கம்மி முட்டை என்றால் மாட்டு வயிற்றில் எருமைக் கருவை வைத்து, வாடகைத்தாய்ச் செலவையாவது குறைக்க முடியுமா? கலப்பினக் கிடாரிகள் சும்மா நிற்கின்றன.

#5 | சினைப்பை ஸ்கேன்

முடியாது. பசுவுக்கு 60 குரோமோசோம், முர்ரா மாதிரி ஆற்று எருமைக்கு 50. பசுவின் கருப்பையில் எருமைக் கருவின் நஞ்சுக்கொடி ஒட்டிப் பிழைக்காது. வாடகைத்தாய் எருமையாகத்தான் இருக்க வேண்டும்.

#6 | ஊத்தங்கரை கருவூட்டல்

எல்லாரும் முட்டை, ஆய்வகம் என்றே பேசுகிறார்கள். நம்ம மாவட்டங்களில் திட்டம் கவிழ்வது வாடகைத்தாயில். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கருவுக்கு ஆறு நாள் வயது என்றால், வாடகைத்தாயும் முட்டை வெளியாகி ஆறாம் நாளில் நிற்க வேண்டும். ஒரு நாள் முன்பின் பொறுக்கும், இரண்டு நாள் பொறுக்காது. எருமைக்கு ஊமைப் பருவம் என்பது தெரிந்ததே. பசு மாதிரி ஏறாது, கத்துவதும் குறைவு, வழும்பும் படுத்திருக்கும்போது மட்டும் கொஞ்சம் ஒழுகும். கண்ணால் பார்த்துப் பருவம் குறித்து ஆறு நாள் எண்ணுவது நடக்காத காரியம். ஊசி அட்டவணைதான் வழி.

அட்டவணை: 0ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் (பருவத்தை அடக்கிவைக்கும் ஹார்மோன்) சாதனத்தைப் பிறப்புறுப்பில் வைத்து, முட்டையை வெளியாக்கத் தூண்டும் பியூசெரலின் 10 மைக்ரோகிராம் (மி.லி.க்கு 4 மைக்ரோகிராம் உள்ள மருந்தில் 2.5 மி.லி.). 9ஆம் நாள் சாதனத்தை எடுத்துவிட்டு, பருவத்துக்கு வரவைக்கும் குளோப்ரோஸ்டினால் 500 மைக்ரோகிராம், கூடவே பாலிக்கிளை வளர்க்கும் ஈ.சி.ஜி. ஹார்மோன் 400 யூனிட். 11ஆம் நாள் மறுபடி பியூசெரலின் 10 மைக்ரோகிராம். சினை ஊசி போடுவதானால் 12ஆம் நாள் போடுவோம். கரு வைப்பதானால் அந்த 12ஐக் கருவூட்டல் நாளாக வைத்து ஆறு கூட்டி, 18ஆம் நாள்.

இதைத் திருப்பிப் போடுங்கள். டோனரில் எடுத்த முட்டை ஆய்வகத்தில் ஒரு நாள் முதிர வேண்டும், மறுநாள் விந்தோடு சேர்ப்பார்கள். அப்படியானால் முட்டை எடுக்கும் நாளும், வாடகைத்தாய்க்குக் கடைசி ஊசி போடும் 11ஆம் நாளும் ஒரே தேதி. காலண்டரில் இந்த ஒரு தேதியை வட்டம் போட்டுவிட்டு மற்ற எல்லாத் தேதியையும் அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணுங்கள். பஸ் ஸ்டிரைக், உள்ளூர்த் திருவிழா, ஆய்வகத்துக்கு ஞாயிறு விடுமுறை எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பாதியில் ஒரு நாள் தள்ளினால் போட்ட ஊசியெல்லாம் வீண்.

எத்தனை எருமை தயார் செய்வது? ஊசி போட்ட பத்தில் நல்ல கார்பஸ் லூட்டியத்தோடு (முட்டை வெளியான இடத்தில் உருவாகிச் சினையைத் தாங்கும் ஹார்மோன் சுரக்கிற திசு, எங்கள் பேச்சில் சி.எல்.) நிற்பது 5 முதல் 7. ஆகவே இரண்டு கரு எதிர்பார்த்தால் நாலு எருமையாவது தயார் செய்யுங்கள். கையால் தடவி சி.எல். இருக்கிறது என்று சொல்லும் பழக்கம் எருமையில் செல்லாது. பசுவைவிடச் சின்னது, சினைப்பைக்குள் புதைந்திருக்கும், மேலே முகடு தெரியாது. ஸ்கேனில் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால்தான் கரு வைக்கத் துணியலாம்.

#7 | காவேரிப்பட்டணம் பால்

ஈ.சி.ஜி., சாதனம் எல்லாம் சேர்ந்தால் ஒரு எருமைக்கே செலவு எகிறும்ங்க. வெறும் குளோப்ரோஸ்டினால் ஒரு ஊசியில் பருவத்துக்கு வரவைக்கிறார்களே, அது போதாதா?

#8 | ஊத்தங்கரை கருவூட்டல்

சினைப்பையில் முதிர்ந்த சி.எல். இருந்தால்தான் அந்த ஊசி வேலை செய்யும். சுழற்சியே இல்லாமல் அடங்கிக் கிடக்கிற எருமைக்கு எத்தனை போட்டாலும் தண்ணீர் போட்டது மாதிரிதான். நம்ம பக்கம் மார்ச்சிலிருந்து ஜூலை வரை பாதி எருமைகள் அந்த நிலையில்தான் நிற்கும். எருமை பகல் குறைகிற காலத்தில் பருவத்துக்கு வருகிற விலங்கு. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை சாதனம் இல்லாமலே வெறும் 0, 7, 9 அட்டவணையில் ஓரளவு கிடைக்கும்: 0ஆம் நாளும் 9ஆம் நாளும் பியூசெரலின், நடுவில் 7ஆம் நாள் குளோப்ரோஸ்டினால். அப்போது முட்டை எடுப்பது 9ஆம் நாள், கரு வைப்பது 16ஆம் நாள்.

முக்கியமான எச்சரிக்கை. குளோப்ரோஸ்டினால் போடும் முன் சினை இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்யுங்கள். எருமைக் கெடா மந்தையோடு மேய்ந்த எருமையைச் ‘சும்மா நிற்கிறது’ என்று நம்பிப் போட்டால் இரண்டு, மூன்று மாதச் சினை கலைந்துவிடும். கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைக் கையில் தொடவே கூடாது. தோல் வழியாகவே உடம்பில் ஏறும்.

#9 | ஆய்வக மேசை

முட்டை எடுக்கும் அன்று என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே சொதப்புகிறது என்பதும் புரியும்.

டோனரைக் கிட்டியில் கட்டி, வால் அடியில் 2 சதவீத லிக்னோகைன் (மரக்கவைக்கும் மருந்து) 5 மி.லி. எபிடியூரலாக, அதாவது தண்டுவட ஊசியாகப் போடுவார்கள். 10 மி.லி. போட்டால் பின்னங்கால் தள்ளாடி எருமை உட்கார்ந்துவிடும், அன்றைக்கு வேலை முடிந்தது. சாணத்தை முழுவதும் வெளியே எடுத்து, பிறப்புறுப்பைக் கழுவித் துடைக்க வேண்டும். ஸ்கேன் குழல் பிறப்புறுப்புக்குள் போகும். மலக்குடல் வழியாகப் போன கை சினைப்பையைப் பிடித்து அந்தக் குழலின் முகப்பில் கொண்டுவந்து வைக்கும். குழலோடு ஓடுகிற ஊசி பிறப்புறுப்புச் சுவரைத் துளைத்து, 2 முதல் 8 மி.மீ. வரை உள்ள ஒவ்வொரு பாலிக்கிளாகக் குத்தி உறிஞ்சும். உறிஞ்சும் வேகம் நிமிடத்துக்கு 12 முதல் 15 மி.லி. தண்ணீர் வருகிற அளவு. அதைத் தண்ணீரை வைத்து முன்கூட்டியே அளந்துவிட்டுத்தான் எருமைப் பக்கம் போக வேண்டும்.

இங்கேதான் எருமைக்கும் பசுவுக்கும் வித்தியாசம். முட்டையைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிற கியூமுலஸ் செல்கள் எருமையில் பிடிப்புக் குறைவு. பசுவுக்கு வைக்கிற வேகத்திலேயே உறிஞ்சினால் பஞ்சு உரிந்து முட்டை மொட்டையாக வரும். மொட்டை முட்டை முதிராது. முட்டைக்கு ஊட்டம் போகிற வழியே அந்தப் பஞ்சுதான். எண்ணிக்கையில் ‘ஏழு கிடைத்தது’ என்பார்கள், அதில் மூன்று மொட்டை. அதனால் தடவை முடிந்ததும் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். தரவாரியாகக் கேளுங்கள். ஏ என்றால் நாலைந்து அடுக்குக்கு மேல் பஞ்சு, பி என்றால் இரண்டு மூன்று அடுக்கு, சி என்றால் அங்கங்கே, டி என்றால் மொட்டை.

ஊசி மழுங்கியிருந்தால் சினைப்பையைக் கிழிக்கும், ரத்தம் வரும். ரத்தம் குழாயில் உறைந்தால் முட்டை அந்தக் கட்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதற்குத்தான் சேகரிக்கும் திரவத்தில் மி.லி.க்கு 10 யூனிட் ஹெப்பரின் கலப்பது. ஒரு டோனருக்கு ஒரு ஊசி, அதிகம் போனால் இரண்டு. அடுத்தது சூடு. சேகரிக்கும் குழாய் 37 டிகிரி சூட்டு உறையில் இருக்க வேண்டும். டிசம்பர் காலையில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் திறந்த கொட்டகையில் வைத்து எடுத்தால், உறிஞ்சும் டியூபின் நீளத்திலேயே திரவம் ஆறிவிடும். டியூபை முடிந்தவரை குட்டையாக வெட்டி, வெளிப்பக்கம் பஞ்சுத் துணி சுற்றுங்கள்.

பிறகு 75 மைக்ரான் வடிகட்டி. ரத்தமும் சின்ன செல்லும் கீழே போகும், முட்டை மேலே தங்கும். வடிகட்டியைக் கழுவி, கட்டம் போட்ட தட்டில் ஊற்றி நுண்நோக்கியில் தேடுவது. எருமை முட்டை பார்த்ததும் தெரியும்: கொழுப்புத்துளி அதிகம், அதனால் உள்ளே கருப்பாக இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் கெட்ட முட்டை என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. கருப்பு ஒரே சீராகப் பரவியிருந்தால் நல்லது. திட்டுத்திட்டாக, ஓரத்தில் சுருங்கியிருந்தால்தான் கெட்டது.

#10 | மத்தூர் பண்ணை

ஒரு சேர்க்கை. டோனரில் 8 மி.மீ.க்கு மேல் பெரிய பாலிக்கிள் ஒன்று ஆதிக்கம் செலுத்திக்கொண்டிருந்தால் சின்னவை வளராது. முட்டை எடுப்பதற்கு மூன்று நாலு நாள் முன்பு அந்தப் பெரியதை மட்டும் குத்தி வடித்துவிட்டால் புது அலை எழும்பும். கையில் கிடைக்கிற எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியும்.

#11 | காவேரிப்பட்டணம் பால்

ஆய்வகம் நம்ம மாவட்டத்தில் இல்லாவிட்டால் முட்டையைக் காரில் எடுத்துப் போகலாமா? குலுங்கி உடையாதா?

#12 | ஆய்வக மேசை

குலுங்கலைவிட எமன் சூடும் காற்றும்தான். முதிர்ச்சிக்கு எப்படியும் 22 மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பயணத்தில் கழிக்கலாம். முதிர்ச்சித் திரவத்தில் முட்டையை இட்டு, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு ஏற்றி மூடி, 38.5 டிகிரி கையடக்க இன்குபேட்டரில் வைத்தால் ஓசூர் தாண்டி பெங்களூரு என்ன, அதற்கு மேலும் போகலாம். வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள். தனி பேட்டரி வேண்டும். டீ குடிக்க நிறுத்தி எஞ்சினை அணைத்தால் பல வண்டிகளில் அந்த சாக்கெட்டும் அணைந்துவிடும்.

ஆய்வகத்தில் நடப்பது சுருக்கமாக. முதிர்ச்சித் திரவம் டி.சி.எம். 199 (செல் வளர்ப்புக்கான ஆய்வகத் திரவம்), அதில் 10 சதவீத கன்றுக்குட்டி சீரம், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ராடையால் என்கிற ஹார்மோன்கள், கூடவே சிஸ்டியமின். எருமை முட்டையில் கொழுப்பு அதிகம் என்பதால் ஆக்சிஜன் சேதமும் அதிகம், சிஸ்டியமின் அதைத் தாங்கத்தான். 50 மைக்ரோலிட்டர் துளிக்குப் பத்து முட்டை, மேலே மினரல் ஆயில். 22 மணி நேரத்தில் பஞ்சு விரிந்து ஜவ்வாகியிருந்தால் முதிர்ந்தது. 24க்கு மேல் விட்டால் முட்டை கிழடு.

உறைவிந்து ஸ்ட்ராவை 37 டிகிரி நீரில் உருக்கி, பெர்கால் அடுக்கிலோ நீந்தவிட்டோ நல்ல விந்தணுவைப் பிரித்து, மி.லி.க்கு 10 லட்சம் முதல் 20 லட்சம், ஹெப்பரின் 10 மைக்ரோகிராம் சேர்த்து முட்டையோடு 16 முதல் 18 மணி நேரம். அதிகம் விட்டால் ஒரே முட்டைக்குள் இரண்டு மூன்று அணு நுழைந்து கெடும். பிறகு பஞ்சை உதிர்த்துவிட்டு வளர்ப்புத் திரவம்: 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 5 சதவீத ஆக்சிஜன், மீதி நைட்ரஜன். இரண்டாம் நாள் பிளவு எண்ணுவது. பாதிக்கு மேல் பிளந்திருந்தால் பரவாயில்லை.

எருமைக் கரு பசுவின் கருவைவிட அரை நாளிலிருந்து ஒரு நாள் வேகம். பசுவுக்கு ஏழாம் நாள் பார்த்தே பழகிய ஆய்வகம் எருமைக்கும் ஏழு நாள் காத்திருந்தால், நல்ல கரு எல்லாம் மேலுறையை விட்டு வெளியே வந்து நிற்கும், கையாளவே கஷ்டம். ஆறாம் நாளில் எடுத்துவிட வேண்டும். வாடகைத்தாய் அட்டவணையிலும் அதனால்தான் ஆறு.

எல்லாம் சரியாக இருந்தும் கரு வராதபோது இரண்டைச் சந்தேகப்படுங்கள். ஒன்று கெடா. வயலில் சினை ஊசியில் நன்றாகச் சினை பிடிக்கிற கெடாவின் ஸ்ட்ரா, தட்டில் முட்டையோடு சேரும்போது பூஜ்யம் தருவது உண்டு. விலையுயர்ந்த டோனர் முட்டையில் சோதிக்காமல், இறைச்சிக்கூட சினைப்பைகளை 30 முதல் 35 டிகிரி உப்புநீரில் நாலு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து, அந்த முட்டைகளில் முதலில் ஸ்ட்ராவைச் சோதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டு, வாசனை. பெயின்ட், பினாயில், கொசுவர்த்தி, நெயில் பாலிஷ். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கரு மட்டும் நாலு செல்லில் நின்றுவிடும்.

#13 | பாலக்கோடு கறவை

கருவை உறைய வைத்துக்கொண்டு, எருமை பருவத்துக்கு வரும்போது வைக்கலாமே? அப்போது இந்தத் தேதிச் சிக்கல் எதுவும் இல்லையே.

#14 | ஆய்வக மேசை

கொழுப்பு இங்கேயும் குறுக்கே வருகிறது. மெதுவாக உறையவைத்தால் செல்லுக்குள் பனிப்படிகம் கிழித்துவிடும். நொடியில் கண்ணாடியாக உறையவைக்கிற விட்ரிஃபிகேஷன் எருமைக்குப் பொருந்துகிறது. ஆனாலும் புதுக்கருவைவிடச் சினை விகிதம் குறைவு. உருக்கும் வேலையும் வயலில் நொடிக்கணக்கில் சரியாக நடக்க வேண்டும். ஒரு கருதான் வருகிறது என்றால் புதிதாகவே வையுங்கள். மூன்று நாலு வந்து எருமை போதவில்லை என்றால் மிச்சத்தை உறைய வையுங்கள்.

#15 | ஊத்தங்கரை கருவூட்டல்

கரு வைக்கிற அன்று: சி.எல். எந்தப் பக்கச் சினைப்பையில் இருக்கிறதோ அந்தப் பக்கக் கருப்பைக் கொம்பில்தான் (கருப்பையின் கிளை) வைக்க வேண்டும். ஸ்கேன் பார்த்ததும் சாக்பீஸால் அந்தப் பக்க இடுப்பில் ஒரு கோடு போடுங்கள். ஐந்தாறு எருமை வரிசையில் நிற்கும்போது இடதா வலதா என்று மறப்பது சகஜம். எபிடியூரல், வால் கட்டு, கழுவல், உலர்த்தல். கரு வைக்கும் குழலான துப்பாக்கிக்கு மேல் உறை, அதற்கு மேல் பிளாஸ்டிக் சட்டை. கருப்பை வாயில் நுழையும் இடத்தில்தான் சட்டையைக் கிழிப்பது, பிறப்புறுப்பு அழுக்கு உள்ளே போகாமல். எருமையின் கருப்பை வாய் குறுகல், வளைவு அதிகம். கொம்பும் சுருண்டிருக்கும். முட்டி முட்டி உள்ளே தள்ளினால் உள்வரி கீறி ரத்தம் கசியும், அந்தக் கரு போச்சு. கொம்பின் பாதிக்கு மேல் போக முடியாவிட்டால் அங்கேயே மெதுவாக விட்டுவிடலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் தடவிக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

#16 | அரூர் மேய்ச்சல்

தீவனம் பற்றி யாரும் பேசவில்லை. நம்ம பக்கத்துக்கே உரிய மூன்று விஷயம்.

போர் தண்ணீரில் புளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல ஊர்களில் உண்டு. வருடக்கணக்கில் குடித்த எருமைக்குப் பல் தேய்ந்து, கறை படிந்து, சோளத்தட்டைச் சரியாக மெல்லாது. தீனி தின்னும், உடம்பு ஏறாது. வாடகைத்தாய் வாங்கும்போது வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். போச்சம்பள்ளி சந்தையில் பிடித்தாலும் சரி, பக்கத்து வீட்டில் பிடித்தாலும் சரி.

மாங்கூழ் ஆலைக் கழிவு. சீசனில் தோலும் கொட்டையும் சும்மா கிடைக்கிறது என்று கூடைகூடையாகப் போட்டால் வயிறு புளித்துத் தீனி நின்றுவிடும். ஊசி அட்டவணை ஓடுகிற நாட்களில் தீவனத்தில் எந்தப் புது மாற்றமும் வேண்டாம்.

வெயில். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கருப்பு. ஏரியில் தண்ணீர் இல்லாத ஏப்ரல், மே மாதங்களில் காலை 10 முதல் மாலை 4 வரை நிழலும், மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளிப்பும் வேண்டும். மே மாத வெப்பம் தாக்கிய பாலிக்கிள் ஜூலை, ஆகஸ்டில் கெட்ட முட்டையாகத்தான் வெளியே வரும். வெயில் குறைந்ததும் மறுநாளே டோனர் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம், கோ-5 தீவனப்புல்லோடு வேலிமசால். டோனருக்கும் வாடகைத்தாய்க்கும் இரண்டு மாதம் முன்பிருந்தே. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தொட்டால் தட்டுப்படுகிற உடம்பு இருந்தால் சரி. ரொம்பக் கொழுத்ததும் ஆகாது.

#17 | மத்தூர் பண்ணை

பணக் கணக்குக்கு வருவோம். மத்திய அரசின் ராஷ்டிரிய கோகுல் மிஷன் திட்டத்தில் உறுதியான ஐ.வி.எஃப். சினை ஒன்றுக்கு ரூ.5,000 மானியம் என்று அறிவித்தார்கள். இப்போது உங்கள் ஊருக்கு நடப்பில் உள்ளதா என்று கால்நடை மருந்தகத்தில் முதலில் கேளுங்கள். எருமைக்கும் வாடகைத்தாய்களுக்கும் 12 இலக்கக் காது வில்லை இருந்தே ஆக வேண்டும்.

முகவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியது: பணம் ஒரு தடவைக்கா, ஒரு கருவுக்கா, 60 நாள் உறுதியான சினைக்கா? இது மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டில் நஷ்டம் முழுக்க உங்களுடையது, மூன்றாவதில் பகிர்வு. பயன்படுத்தும் கெடாவின் எண், ஸ்ட்ரா சாதாவா, பாலினம் பிரித்ததா என்பதும் வேண்டும். பிரித்த விந்தில் பத்துக்கு ஒன்பது பெட்டை என்பது உண்மை. ஆனால் ஒரு ஸ்ட்ராவில் சுமார் 20 லட்சம் அணுதான், பிரிக்கும்போது அடிபட்டவை. தட்டில் கரு விகிதம் குறையும். ஏற்கெனவே ஒரு கருதான் வருகிற எருமையில் அதுவும் இல்லாமல் போகலாம். 12க்கு மேல் பாலிக்கிள் உள்ள டோனருக்கு மட்டும் பிரித்த விந்து என்பது என் கருத்து.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எருமை 15 லிட்டர் என்பது உச்ச நாளில். ஈத்து முழுக்க எவ்வளவு என்ற பதிவு இருக்கிறதா? உச்சத்தில் 15 கறந்து நாலாம் மாதமே இறங்குகிற எருமையும் உண்டு. பத்து மாதப் பால் பதிவு இல்லாத எருமைக்கு ஐ.வி.எஃப். செய்வது விலை தெரியாத விதையைப் பாத்தியில் ஊன்றுவது. எருமைக்கென்று 2024இல் ‘மகிஷ் சிப்’ மரபணுச் சோதனை வந்திருக்கிறது. ஆனால் பால் பதிவுக்கு அது மாற்று இல்லை.

#18 | சினைப்பை ஸ்கேன்

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். டோனருக்கும் வாடகைத்தாய்க்கும் புரூசெல்லா, காசநோய், ஐ.பி.ஆர். (மூக்கையும் மூச்சுக்குழாயையும் தாக்கும் வைரஸ் நோய்) சோதனை விட்டுப்போயிற்று. நாமக்கல், தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தூரம்தான். புரூசெல்லா உள்ள வாடகைத்தாயில் ஏழாம் மாதம் கன்று விழுந்தால் இத்தனை செலவும் அத்தோடு சரி, வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும்.

சினை நின்ற பிறகு: கரு வைத்து 24 நாளில் ஸ்கேன், அதாவது கருவுக்கு 30 நாள். மறுபடி 60இல். ஆய்வகக் கருவில் இந்த 30க்கும் 60க்கும் நடுவில்தான் இழப்பு அதிகம், அதனால் 30இல் பார்த்து இனிப்புக் கொடுத்துவிடாதீர்கள். சினைக்காலம் முர்ராவுக்கு 310 நாள் வாக்கில். எண்ணுவது விந்து சேர்த்த நாளிலிருந்து, கரு வைத்த நாளிலிருந்து அல்ல. ஆறு நாள் பிசகினால் ஈனும் இரவில் ஆள் இருக்காது. சின்ன உடம்பு நாட்டு எருமையில் முர்ராக் கரு வைத்தால் கன்று பெரிதாகி ஈனச் சிக்கல் வரலாம். முதல் ஈத்துக் கிடாரியை வாடகைத்தாயாக்காதீர்கள். ஒன்றிரண்டு ஈன்று இடுப்பு விரிந்தது நல்லது.

கன்று பிறந்தால் வாடகைத்தாயின் சீம்பால் முதல் ஒரு மணி நேரத்துக்குள். எருமைக் கன்றுக்கு உருண்டைப் புழு தாயின் பாலிலேயே வந்துவிடும். 10 முதல் 16 நாளுக்குள் குடற்புழு மருந்து கொடுக்காவிட்டால் மாதக் கன்றுகளில் சாவு அதில்தான் அதிகம். தாய் வழி உறுதிக்குக் கன்றின் ரத்தத்தை டோனரோடு ஒப்பிட்டு டி.என்.ஏ. சோதனை கேளுங்கள். பத்திரத்தில் அந்த வரியும் இருக்கட்டும்.

#19 | பாலக்கோடு கறவை

எல்லாருக்கும் நன்றி. பால் பதிவு இல்லைதான், இன்றிலிருந்து நோட்டுப் போடுகிறேன். ஸ்கேனை எப்போது வைத்துக்கொள்வது? அன்றைக்கு எருமையை எப்படித் தயார் செய்வது?

#20 | சினைப்பை ஸ்கேன்

அக்டோபரில் முட்டை எடுப்பது என்றால் ஆகஸ்ட் கடைசியில் முதல் எண்ணிக்கை, பத்து நாள் கழித்து இரண்டாவது. முந்தின இரவு பசும்புல்லைக் குறைத்துக் காய்ந்த தட்டு போடுங்கள். சாணம் கெட்டியாக இருந்தால் வெளியே எடுப்பதும் சுலபம், திரையும் தெளிவு. கிட்டியை நிழலில் போடுங்கள். வெயிலில் ஸ்கேன் திரை கருப்புக் கண்ணாடிதான், பாலிக்கிள் எண்ண முடியாது.